ஒன்பது பேருக்கு ஒரு தாத்தா

றெயில் பள்ளிக்கூடம் என்பது நாங்கள் வைத்த பெயர். அதற்கு நீளமான ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு, எங்கள் வாய்க்குள் அது நுழையாது. மொன்றியலின் வடக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டிய கம்பிவேலிக்கு இந்தப் பக்கம், மண்ணிறச் செங்கல்லில் நிற்கிறது. சரக்கு றெயில் போகும்போது படிப்பிக்கிறவர்கள் பாதி வசனத்தில் நிறுத்திவிடுவார்களாம். கடைசிப் பெட்டி போன பிறகுதான் மிச்சப் பாதி வரும்.

ஒவ்வொரு ஐப்பசியும் ஒரு சஞ்சிகை, மாகாணத்தில் உள்ள உயர்பள்ளிகளை எல்லாம் குதிரைப் பந்தயம் மாதிரி வரிசைப்படுத்திப் போடும். முதல் பக்கம் முழுக்கக் காசு கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடங்கள். எங்களுடையதைக் கடைசிப் பக்கத்தில் கீழே இருந்து தேடவேண்டும். தமிழ்க் கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தன் மேசைக்குப் பின்னால் ஒட்டிவிடுவார். கத்தரிக்காய் வாங்கப் போனாலும் மானம் போகும்.

அந்த வரிசை ஒன்றை மட்டும் சொல்லாது. நன்றாகப் படிக்கிற பிள்ளையை ஆறாம் வகுப்போடு சோதனை வைத்துத் தனியார் பள்ளிக்கூடம் கொத்திக்கொண்டு போய்விடும். கொஞ்சம் தலை நிமிர்ந்த குடும்பம் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கிப் போய்விடும். பிரெஞ்சே வேண்டாம் என்கிறவர்கள் ரொறொன்ரோவுக்கு வண்டி கட்டிவிடுவார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் றெயில் பள்ளிக்கூடத்துக்கு: வங்காளப் பிள்ளைகள், ஹெயிட்டிப் பிள்ளைகள், பாகிஸ்தான் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள். வந்து இரண்டு பனி பார்க்காத பிள்ளையும் அங்கே பிறந்த பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து ஒரே சோதனை எழுதும். ஆடையை எல்லாம் வழித்துக்கொண்டு போன பிறகு பாலில் ஏன் வெண்ணெய் இல்லை என்று கேட்கிற கதைதான் இது.

என் பெயர் பாலாம்பிகை. அஞ்சலீனா வீட்டுக்குக் கீழ்வீடு. எனக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை பெறாதவளுக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன கதை என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். 2004ஆம் வருசம் வைகாசியில் ஒரு கிழமை முழுக்க, ஒன்பது பிள்ளைகள் என் தலைக்கு மேலே இருந்து பாடமாக்கியதைக் கேட்டவள் நான்.

அஞ்சலீனா மன்னார்ப் பக்கம், பேசாலை. கனடாவுக்கு வர முதல் பாரிசில் எட்டு வருசம் இருந்தவள். அங்கே ஒரு கிழவருக்குச் சமைத்துப் போட்டு, அவரோடு கதைத்துக் கதைத்துப் பிரெஞ்சு படித்தாள். எங்கள் தெருவில் அது போதும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. விடிய முதல் எழும்பி பஸ் மாறி மாறி டோர்வலுக்குப் போவாள். விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில், குளிர் அறையில் நின்று, கரண்டியையும் முள்ளையும் கடதாசித் துவாயில் சுற்றுகிற வேலை. பின்னேரம் வரும்போது விரல் நுனிகள் வெளிறிப்போய் இருக்கும். புருசன் அன்டன் துறைமுகத்தில் இருந்து கொள்கலன் இழுக்கிற லொறி ஓடுகிறவர், அவரை வீட்டில் காண்பது அருமை. அவள் வந்து குளித்து, ஒரு சோறு கறி வைத்துவிட்டு, குசினி மேசையைத் துடைத்தால் டியூசன் தொடங்கும். காசு வாங்கமாட்டாள். நண்டு, கணவாய், முருங்கைக்காய் என்று யாராவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள்.

இந்த டியூசனைத் தொடக்கிவைத்தது மகேந்திரராசா. ராக்சி ஓடுகிறவர், பள்ளிக்கூடத்தின் பெற்றோர் சபையில் எங்கள் ஆட்களுக்காகக் குந்தியிருப்பவர். கடைசி வருசப் பிரெஞ்சுச் சோதனையில்தான் எங்கள் பிள்ளைகள் விழுகிறார்கள், அதனால்தான் பள்ளிக்கூடமும் விழுகிறது, நாங்கள் தூக்கி நிறுத்தினால் நிற்கும் என்று வீடு வீடாய்ச் சொல்லித் திரிந்தார். அவருடைய மகள் ஆர்த்திகாவும் அந்த வருசம் எழுதவேண்டும். அஞ்சலீனாவின் மகள் றொஷினியும் எழுதவேண்டும். தேறினால்தான் அவளுக்குக் கொலிஜில் தாதிப் படிப்புக்கு இடம். அதற்காகத்தான் அஞ்சலீனா அந்தக் குளிர் அறையில் நின்றாள் என்று சொன்னாலும் பிழையில்லை.

சோதனைக்கு ஒரு கிழமைக்கு முதல், வாசித்துக்கொண்டு வரச்சொல்லி ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அந்த முறை விசயம், மனிதர் துணிந்து ஆபத்தில் இறங்குவது நல்லதா கெட்டதா என்பது. அஞ்சலீனா அதை பஸ்ஸில் வாசித்தாள், வேலையில் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தாள், பிறகு எங்கள் ஊர் வாத்தியார்மார் எல்லாரும் செய்ததைத்தான் செய்தாள். மாதிரிக் கட்டுரை ஒன்று எழுதிப் பிள்ளைகளைப் பாடமாக்கச் சொன்னாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தானே படித்தோம்? பசுவைப் பற்றிப் பாடமாக்கினால், தென்னை வந்தாலும் பசுவைக் கொண்டுபோய்த் தென்னையில் கட்டிவிட்டு எழுதுவோம். புள்ளியும் கிடைக்கும். அதைக் களவு என்று ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அதற்குப் பெயர் கெட்டிக்காரத்தனம்.

முதல் பந்தியிலேயே திருத்துகிற ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்பாள். ஆகவே முதல் பந்தியில் தன் தகப்பனை, எழுதுகிற பிள்ளையின் தாத்தாவாக்கி, வைத்தாள். சந்தியோகு என்று பெயர். கச்சான் காற்று எழும்பின ஒருநாள், போகவேண்டாம் என்று எல்லாரும் மறிக்கக் கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. கரையில் நின்றால் மீன் வராது என்பது அவர் சொல்லுகிற சொல்லாம். அதையும் பிரெஞ்சில் போட்டாள்.

ஒரு கிழமை பின்னேரங்களில் சந்தியோகுக் கிழவர் என் முகட்டுக்கு மேலே செத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் "மொன் கிராம்பேர்" என்று தொடங்கி எந்த இடத்தில் மூச்சு எடுப்பார்கள், எந்த இடத்தில் ஆர்த்திகா தடக்குவாள் என்பதுவரை எனக்குப் பாடம். கிட்டத்தில் இருந்த வங்காளப் பெடியன் ரஃபிக்கும் வந்து படித்தான். அவனுக்கு அஞ்சலீனாவின் புட்டில் ஒரு விருப்பம்.

ஆடி மாதம், புழுக்கம் தாங்காமல் எல்லாரும் படிக்கட்டில் இருந்த நாட்களில் முடிவு வந்தது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாகச் செய்தி. தனக்கும் இன்னும் வரவில்லை என்று றொஷினி தாய்க்குச் சொன்னாள். பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று அஞ்சலீனாவை மகேந்திரராசாவே தன் ராக்சியில் ஏற்றினார். அவர் மனைவி புஷ்பராணி பயந்துபோய் என் கையைப் பிடித்தபடியால் நானும் போனேன்.

அதிபர் மதாம் லவுவா நரைத்த தலையும் சிவந்த மூக்குமாய் இருந்தார், நித்திரை கொள்ளாத முகம். இந்த வருசம் பள்ளிக்கூடம் கடைசிப் பக்கத்தைவிட்டு மேலே வரும் என்று நம்பியிருந்தாராம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு விடைத்தாளில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். "மொன் கிராம்பேர்" என்றதும் நான் அஞ்சலீனாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் இருந்த பெற்றோருக்கு அது வெறும் பிரெஞ்சு. நான்தான் அதை ஒரு கிழமை கேட்டவள்.

அஞ்சலீனா மொழிபெயர்க்க வந்தவள் அல்லவா, மொழிபெயர்த்தாள். "என்னுடைய தாத்தா ஒரு மீனவர். காற்று எழும்பின ஒருநாள் காலமை அவர் வள்ளத்தைத் தள்ளினார்." குரல் பிசகவில்லை. அதிபர் அந்தத் தாளை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். அதிலும் மொன் கிராம்பேர். மூன்றாவதிலும். மூன்றாவது முறை வள்ளம் தனியாக வந்த இடத்தில் அவளுக்குத் தமிழ் வரவில்லை. வெளியே சரக்கு றெயில் ஒன்று போனது. எல்லாரும் அது போய் முடியும்வரை இருந்தோம்.

பிள்ளைகள் வேறு வேறு அறைகளில் இருந்து எழுதியவர்கள், பார்த்து எழுதவில்லை என்பது தனக்குத் தெரியும் என்றார் அதிபர். ரஃபிக்குடைய தாத்தா டாக்காவில் புடவைக் கடை வைத்திருக்கிறார் என்பதும் தெரியுமாம், போன வருசம் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்து போனவர். பிறகு கேட்டார், நக்கலாக அல்ல, உண்மையாகவே கேட்டார்: மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சொந்தமா?

மகேந்திரராசா அவள் பக்கம் குனிந்தார். "ஓம் எண்டு சொல்லுங்கோ. எல்லாம் ஒரு குடும்பம் எண்டு சொல்லிவிடுங்கோ."

அஞ்சலீனா பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், நீளமாக இல்லை. அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். என்ன சொன்னாய் என்று புஷ்பராணி கேட்க, "அவர் என்ர அப்பா எண்டு சொன்னனான்" என்றாள்.

அதிபர் தன்னால் ஆனதைச் செய்தார். பாடமாக்கி எழுதியது தங்கள் சொந்த எழுத்து ஆகாது, அதனால் புள்ளி இல்லை. ஆனால் இது களவு என்று எழுதமாட்டேன், ஆவணியில் திரும்ப எழுதலாம் என்றார். பிறகு பெயர்களை வாசித்தார். ஒன்பது பெயர். றொஷினியின் பெயர் அதில் இல்லை.

இதை முதலில் பிடித்தவள் புஷ்பராணி. ராக்சியில் ஏறும்போதே புருசனின் காதில் போட்டுவிட்டாள். எங்கள் வாசலில் இறங்கும்போதுதான் மகேந்திரராசா, கண்ணாடியில் பார்த்தபடி, அதை மெதுவாகக் கேட்டார்.

"உங்கட பிள்ளைக்கு மட்டும் வேற கட்டுரை சொல்லிக் குடுத்தனீங்களோ, டீச்சர்?"

அஞ்சலீனாவுக்கே அப்போதுதான் விளங்கியது. நேரே படியேறினாள். நானும் பின்னால் ஏறினேன். கூப்பிடாத வீட்டுக்குப் போகிற பழக்கம் எனக்கு உண்டு, அதை ஒளிக்கவில்லை.

றொஷினி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். தாய் கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டாள். பிள்ளை கத்தியைக் கீழே வைத்தாள். முடிவு வந்துவிட்டதாம், வந்து நாலு நாளாம். ஐம்பத்துநாலு. அறுபது எடுத்தால்தான் தேறலாம். தாய் சொல்லிக்கொடுத்ததை அவள் எழுதவில்லை. றெயில் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினாளாம். அந்தச் சஞ்சிகையின் கணக்குப்படி, எங்கள் தாய்தகப்பன் செய்த பெரிய ஆபத்தான வேலை எங்களை இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதுதான் என்று எழுதினாளாம். கோபத்தில் எழுதியதில் எழுத்துப் பிழை மலிந்துவிட்டது.

தாய் கதிரையில் இருந்தாள். "நான் சொல்லித் தந்ததை எழுதியிருந்தால்?"

"எழுதியிருந்தால் என்னோட பத்துப் பேர்" என்றாள் றொஷினி. பிறகு, அவளுக்குத் தெரிந்த தமிழில் தேடித்தேடிச் சொன்னாள். "கொரிடோரில பகிடி விடுறவை, அம்மா. தாத்தா செத்துட்டாரோ, எத்தினையாம் வரியில செத்தவர் எண்டு. ரஃபிக் அழுற மாதிரி நடிச்சுக் காட்டுவான். எல்லாரும் சிரிப்பினம். நானும் ஒருக்காச் சிரிச்சனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் அழுவீங்கள். இல்லாட்டி அடிப்பீங்கள்."

அஞ்சலீனா அழவும் இல்லை, அடிக்கவும் இல்லை. எழும்பிப் போய் மிச்ச வெங்காயத்தை வெட்டினாள். வெங்காயம் வெட்டினால் எல்லாருக்கும்தான் கண்ணில் தண்ணீர் வரும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. போகும்போது என்னிடம் ஒன்று மட்டும் சொன்னாள்.

"அக்கா, இதை வெளியில கதைச்சிராதேங்கோ. என்னைப் பேசுறவை பேசட்டும். டீச்சற்ற பிள்ளை பெயில் எண்டு இவளின்ர காதில விழக்கூடாது."

எனக்கு நாக்கை அடக்குவது பெரிய பாடு. அந்தக் கிழமை அடக்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலின் கீழ்மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். சைவக்காரராகிய நாங்களும் போனோம், ஒன்பது பிள்ளைகளின் விசயம் என்றால் வேதம் சைவம் பார்க்க முடியுமா. மேசையில் றோல்ஸும் பணிஸும் தேத்தண்ணியும் இருந்தன, ஒருவரும் தொடவில்லை. மகேந்திரராசா கெட்ட மனிதன் அல்ல. மகளுக்காகக் கொதித்துப்போய் நின்றார். ஊர்ப் பிள்ளைகளை ஒரே அச்சில் வார்த்துவிட்டுத் தன் பிள்ளைக்கு மட்டும் புது அச்சு செய்தவளிடம் இனி ஒருவரும் போகவேண்டாம் என்றார். நாங்கள் பள்ளிக்கூடத்தைத் தூக்கப் போனோம், இப்போது தமிழ்ப் பிள்ளைகள் என்றால் கள்ளப் பிள்ளைகள் என்று பெயர் வந்துவிட்டது என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவள் வீட்டுப் புட்டைத் தின்று வளர்ந்த பிள்ளைகளின் தாய்மார்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அஞ்சலீனா மடியில் கையை வைத்தபடி, வேலையில் திட்டு வாங்குகிறவள் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல் சொன்னால் தப்பலாம், சொல்லவில்லை.

பின்னால் கதிரை ஒன்று இழுபட்டது. றொஷினி எழும்பி நின்றாள்.

"மாமா, நான் பெயில்" என்றாள். "ஐம்பத்திநாலு. அம்மா எனக்கும் அதைத்தான் சொல்லித் தந்தவ. நான் எழுதேல்லை."

மகேந்திரராசா கேட்டார், அதுவும் இப்போது தகப்பன் குரலில். "ஏன் பிள்ளை எழுதேல்லை? நல்ல கட்டுரை எண்டு எல்லாரும் சொன்னவையே."

"அவையளுக்கு அது கட்டுரை" என்றாள் பிள்ளை. "எனக்கு அவர் அம்மப்பா."

ஆர்த்திகா அழத் தொடங்கினாள். தாய்மார் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கைப்பைகளைத் தேடினார்கள். அஞ்சலீனா மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பெருமை இருந்ததா, ஊர் முன்னால் உடைத்துவிட்டாளே என்ற கோபம் இருந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஆவணியில் பத்துப் பேரும் திரும்ப எழுதினார்கள். அஞ்சலீனா ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டு வந்தவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றாள். ஆறு பேர் தேறினார்கள், ரஃபிக் அதில் ஒருவன். புடவைக் கடைத் தாத்தாவைப் பற்றி எழுதினானாம். றொஷினி அறுபத்திரண்டு எடுத்தாள். ஆனால் அதற்குள் தாதிப் படிப்பில் அவள் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருசம் திரும்ப விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இப்போது தாயோடு விடியவே பஸ் ஏறுகிறாள், அதே குளிர் அறை, பக்கத்து மேசை. ஆர்த்திகா தேறவில்லை. தெருமுனை தெப்பனர் கடையில் லொத்தர் ரிக்கற் விற்கிறாள், என்னைக் கண்டால் குனிந்துகொள்வாள்.

ஐப்பசியில் சஞ்சிகை வந்தது. றெயில் பள்ளிக்கூடம் முதல் இருந்ததைவிட இன்னும் கீழே. கடைக்காரர் வழக்கம்போல ஒட்டினார். அந்தக் கிழமை இன்னும் இரண்டு குடும்பம் ரொக்ஸ்பரோவில் வீடு பார்க்கத் தொடங்கியது.

முதல் பனி தூறின ஒரு பின்னேரம் மகேந்திரராசா வந்தார். மண்டபத்துக்குப் பிறகு அவர் எங்கள் படியை மிதித்ததில்லை. கையில் ஒரு பையில் நண்டு. நான் மேலேதான் இருந்தேன், அஞ்சலீனா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். மனிதன் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார், முறையாகத்தான் கேட்டார். அவளும் பரவாயில்லை அண்ணை, உள்ளுக்கு வாங்கோ என்றாள். அவர் உள்ளே வரவில்லை. அவருடைய மகன் ஆரூரன் இந்த வருசம் கடைசி வகுப்பாம். இன்னும் நாலு பிள்ளைகள் இருக்கிறார்களாம். பெற்றோர் எல்லாரும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்களாம்.

"இந்த முறை பிழை விடமாட்டம், டீச்சர்" என்றார். "ஒரே ஆளை எல்லாருக்கும் குடுத்ததுதானே பிரச்சினை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேற வேற தாத்தாவாக் குடுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது, மனிதன் பகிடியாகச் சொல்லவில்லை. உள் அறையில் றொஷினி வேலை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தமும் நின்றது.

அஞ்சலீனா கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

"என்னட்ட ஒராள்தான் இருந்தவர், அண்ணை" என்றாள். "அவரையும் குடுத்திட்டன்."